பெரும்பொருளாளருக்கு யார் பயிற்சி தருவார்?

கேள்வி: நான் திருகோணமலையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் தகுதிகாண் விரிவுரையாளராக இருக்கிறேன். சொந்த ஊர் வடமராட்சி. வேலையில் சேர்ந்த ஆண்டிலேயே ஒரு மாணவர் சங்கத்துக்குப் பெரும்பொருளாளராக நியமித்துவிட்டார்கள். கடிதம் கைக்கு வந்தது. அந்தப் பொறுப்பு என்ன, அதை எங்கே படிப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "பிள்ளையள் கொண்டுவாற கடிதத்தில சைன் வைச்சாச் சரி" என்றார் ஒரு மூத்தவர். சங்கத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிங்களம் தெரியாது. சென்ற கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் வாசலில் நின்று, "மிஸ், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். "பரவாயில்ல மிஸ், பிறகு கதைக்கிறன்" என்று போய்விட்டார். இந்தப் பொறுப்பைப் பழகுவதற்கு முறையான பயிற்சி எங்கேயாவது கிடைக்குமா? அதுவரை நான் என்ன செய்வது?

— விரிவுரையாளர் ஒருவர், திருகோணமலை

பதில்: பயிற்சியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த மாணவி.

அவர் பிறகு வருவார் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டாவது தடவை துணிந்து வருகிற பிள்ளைகள் குறைவு. நாளைக்கே நீங்கள் போய் அவரைக் காணுங்கள். சங்கத்துக்காரர் கூடும் இடத்தில், மற்றவர்கள் பார்க்க, "உன்னோட ஒரு விஷயம் கதைக்க வேணும்" என்று கூப்பிட்டால் அன்று மாலைக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். விரிவுரை முடிந்ததும் ஒப்படை ஒன்றைப் பற்றிக் கேட்பதுபோல் நாலைந்து பேரோடு சேர்த்துக் கூப்பிடுங்கள். அவரைக் கடைசியாக விடுங்கள்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்ற வாக்கை நீங்கள் கொடுக்கக்கூடாது. அன்று நீங்கள் பேசாமல் நின்றது நல்லதாகப் போயிற்று. அந்த வாக்குக்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: "உம்மைக் கேக்காமல் நான் ஒருத்தரிட்டயும் போகமாட்டன். ஆனா உமக்கோ வேற ஆருக்குமோ ஆபத்து எண்டு தெரிஞ்சா, உரிய ஆளுக்குச் சொல்லாமல் இருக்க என்னால ஏலாது. ஆருக்குச் சொல்லப்போறன் எண்டதை முதல்ல உமக்குத்தான் சொல்லுவன்." இதைக் கேட்டு ஒரு பிள்ளை எழுந்து போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நான் கண்டவரை, எல்லை எது என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் நிம்மதியாகப் பேசத் தொடங்குகிறார்கள்.

அவர் பேசும்போது குறுக்கே கேள்வி போடாதீர்கள். "நீர் ஏன் அங்க போனனீர்?" என்ற ஒரு கேள்வி போதும், வாயை மூடிவிடுவார். முடிந்ததும் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "இண்டைக்கு இரவு எங்க தங்கப்போறீர், அங்க பயமில்லையோ?" பயம் என்று சொன்னால் மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டு விடுதி மேற்பார்வையாளரையும் சிரேஷ்ட மாணவர் ஆலோசகரையும் அன்றைக்கே பிடியுங்கள். அன்று மாலையே அவர் சொன்னதை அவருடைய சொற்களில், திகதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். உங்கள் ஊகத்தை அதில் கலக்க வேண்டாம்.

அடுத்தது, நம்மவர் மனம் இயல்பாகப் போகும் ஒரு வழி: முறையிட்ட பிள்ளையையும் அவர் குற்றம் சொல்பவரையும் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, "எல்லாரும் ஒரு தாய் பிள்ளையள்தானே" என்று கைகுலுக்க வைத்து அனுப்புவது. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் விஷயம் பகிடிவதை என்றால் அது உங்கள் கையில் இல்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் பிற வன்செயல்களையும் தடைசெய்யும் அந்தச் சட்டத்தில் உடல் காயம் மட்டுமன்றி மன வேதனையும் பயமும் உண்டாக்குவதும் பகிடிவதைதான். தண்டனை இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. மாணவருக்கு மட்டுமல்ல, பணியாளருக்குப் பயம் உண்டாக்குவதும் அதற்குள் அடங்கும். உங்களை யாராவது மிரட்டினால் இதை நினைவில் வையுங்கள். இவ்வளவு பாரமான குற்றத்தைத் தேநீரோடு தீர்த்துவைக்கப் போனவர், நாளைக்கு விசாரணையில் "தெரிந்தும் மூடிவைத்தார்" என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல நேரும். அதைவிட, அந்தப் பிள்ளை தன்னை வதைத்தவரோடு ஒரே மேசையில் இருத்தப்படுகிறார்.

ஆகவே நீங்கள் காதுகொடுத்துக் கேட்பவர், விசாரிப்பவர் அல்லர். விசாரணைக்கு ஒழுக்காற்று முறை இருக்கிறது, பீடாதிபதி இருக்கிறார், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரே முறையிடும் வழியும் இருக்கிறது. மனம் நொந்துபோன பிள்ளை என்றால் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். அந்த இலக்கத்தை உங்கள் அறைக் கதவில் மூன்று மொழியிலும் ஒட்டிவையுங்கள்.

இனிப் பதவிக்கு வருவோம்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ்தான் நம் நாட்டு மாணவர் ஒன்றியங்களும் சங்கங்களும் இயங்குகின்றன. நடைமுறையில் ஒவ்வொரு சங்கத்துக்கும் யாப்பு இருக்கும். தலைவர், செயலாளர், இளம்பொருளாளர் எல்லோரும் மாணவர்கள். பெரும்பொருளாளர் மட்டும் பணியாளர். கணக்கு எழுதுவது மாணவர், அதைக் காப்பது நீங்கள். கூட்டம், நிகழ்ச்சி, அனுசரணை, சுற்றுலா, சண்டை, சமாதானம் எல்லாம் கடைசியில் உங்கள் மேசைக்கு வருவதால், பெயரில் பொருளாளராக இருந்தாலும் வேலையில் நீங்கள் ஆலோசகர்.

வெளியே இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பிரித்தானியாவில் மாணவர் ஒன்றியம் நேர்மையாகவும் கணக்குக் காட்டியும் நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பல்கலைக்கழக நிர்வாகத்தின்மேல் வைத்தது. ஒன்றியங்கள் அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் மாணவர் சேவைகளுக்குத் தரநிலைகள் வகுப்பதற்காகவே 1979இல் ஒரு பேரவை அமைத்தார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது. பொதுவாக நூறு மாணவருக்கு ஓர் ஆசிரியர் திட்ட அலுவலர். அவரும் உங்களைப்போலப் பாடம் நடத்தும் ஆசிரியர்தான். ஆனால் அவருக்கென்று அறிமுகப் பயிற்சி உண்டு, கையேடு உண்டு. நம்மிடம் நியமனக் கடிதம் மட்டும் போகிறது. இது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகள் தலைமை தாங்கப் பழகும் இடம் வகுப்பறையைவிட இந்தச் சங்கங்கள்தான்.

"சைன் வைச்சாச் சரி" என்று அந்த மூத்தவர் சொன்னாரே, அந்தக் கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் உதாரணம். சங்கத்துப் பிள்ளைகள் மாலை நாலு மணிக்குக் கோப்போடு வருகிறார்கள். நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்கு ஒருநாள் சுற்றுலா. நாளை பயணம். இன்றே ஒப்பம் வேண்டும்.

எந்த மாதம் என்று முதலில் பாருங்கள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நம் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். கார்த்திகை, மார்கழியில் மீனவரே கடலைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். அனுராதபுரத்திலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த பிள்ளைக்கு அது தெரியாது. நீந்தத் தெரியாதவர் எத்தனை பேர் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா, படகுக்காரரிடம் பேசியது யார், அவர் எத்தனை பேரை ஏற்றச் சம்மதித்தார்? கரையில் தொலைபேசியோடு நிற்பது யார்? புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதால் நுழைவுச்சீட்டு வேண்டும், பவளப்பாறையில் ஏறி நடக்கக்கூடாது. இது பாதிப் பேருக்குத் தெரிந்திராது.

பிறகு பெயர்ப் பட்டியல். பட்டியலில் இருப்பவர்களைவிட இல்லாதவர்களைக் கவனியுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்திருப்பார்கள். மகாபொல உதவிப்பணம் வந்து சேராத மாதத்தில் அந்தக் காசைக் கட்ட முடியாமல் "எனக்குத் தலையிடி, நான் வரேல்ல" என்று சொல்லும் பிள்ளை எல்லா அணியிலும் உண்டு. இளம்பொருளாளரைத் தனியே கேட்டால் பெயர் சொல்வார். சங்கத்து நிதியிலிருந்து மற்றவருக்குத் தெரியாமல் ஈடுசெய்ய முடியுமா என்று அவரோடு சேர்ந்து யோசியுங்கள். அடுத்தது சாப்பாடு. ஹலால் இல்லை என்றால் முஸ்லிம் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள். வெள்ளிக்கிழமையில் மரக்கறி தவிர வேறு தொடாதவர்களும் இருப்பார்கள்.

இவ்வளவும் கேட்டு முடிக்க அரை மணி நேரம் போதும். ஆனால் முதல்நாள் மாலை நாலு மணிக்கு வந்தால் இந்த அரை மணி நேரத்துக்குப் பயனில்லை, மாற்ற ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: வெளியே போகும் எந்த நிகழ்ச்சிக்கும் பத்து நாளுக்கு முன் கோப்பு வரவேண்டும். முதல் தடவை பிந்தி வரும்போது ஒப்பமிட மறுத்துவிடுங்கள். கோபிப்பார்கள். இரண்டாம் தடவை நேரத்துக்கு வருவார்கள்.

காசு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து என்று துறைமுகத்தைச் சுற்றிப் பெரிய நிறுவனங்கள் இருக்கும் மாவட்டம் இது. அனுசரணை கேட்டுக் கடிதத்தோடு கிளம்புவது பிள்ளைகளுக்கு இயல்பு. கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கட்டும். காசோலை சங்கத்தின் பெயருக்கு மட்டும் வரட்டும். ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்குக் காசு போட்டுப் பிறகு மாற்றலாம் என்று எவ்வளவு நல்ல பிள்ளை சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பின்னால் பழி விழும்போது அந்தப் பிள்ளையைக் காப்பதும் அந்த மறுப்புத்தான். நிகழ்ச்சி முடிந்த கிழமையே பற்றுச்சீட்டுகளைக் கட்டி எண்ணுங்கள். இந்த வேலையைப் பழக உங்கள் நிறுவன நிதியாளர் பிரிவில் சங்கக் கணக்குகளைப் பார்க்கும் எழுதுவினைஞரிடம் ஒரு முற்பகல் போய் இருங்கள். எந்தப் பட்டறையைவிடவும் அங்கே கூடப் படிப்பீர்கள்.

சிங்களம் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தை எடுத்துக்கொண்டால், 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்று நாட்டின் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் வந்து சேரும் இடம். இப்படிப்பட்ட இடத்தில் சங்கக் கூட்டம் நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். பெரும்பான்மையாக இருக்கும் பக்கத்தின் மொழியில் பேச்சு தொடங்கும். கொஞ்ச நேரத்தில் மற்றவர் கைபேசியைப் பார்ப்பார்கள். தீர்மானம் நிறைவேறும். கூட்டக்குறிப்பில் "ஏகமனதாக" என்று எழுதப்படும். எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமலே சிலர் சம்மதித்திருப்பார்கள்.

இதை நிறுத்த உங்களுக்குச் சிங்களம் சரளமாக வரவேண்டியதில்லை. ஒவ்வொரு தீர்மானத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு மாணவர் உரக்கச் சொன்ன பிறகுதான் வாக்கு என்று வைத்துவிடுங்கள். அதே நேரம் நீங்களும் படியுங்கள். அரசகரும மொழிகள் திணைக்களம் நடத்தும் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படித்தால் ஓர் ஒழுங்கு கிடைக்கும். பேச்சுமொழியை உங்கள் சங்கத்துப் பிள்ளைகளிடமே கேட்டுப் பழகலாம். ஒரு மிஸ் தங்களிடம் பாடம் கேட்கிறார் என்பதே அந்தப் பிள்ளைகளை உங்களோடு நெருங்க வைக்கும்.

வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு ஞாபகங்கள் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி இங்கே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் கூட்டமாகக் கடற்கரைக்குப் போகிறார்கள் என்றாலே நெஞ்சு பதறும் பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு தாய் தொலைபேசியில், "கூட்டம் முடிஞ்சுதோ?" என்று கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். ஒரு நினைவு நிகழ்வோ, வாணி விழாவோ, இப்தாரோ, வெசாக் கூடோ, எதற்கு அனுமதி கேட்டு வந்தாலும் எல்லாச் சங்கத்துக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே விதி, ஒரே கால அளவு என்று நில்லுங்கள். ஒரு பக்கத்துக்கு வாய்ச்சொல்லில் தளர்த்திய விதி மறுபக்கத்துக்கு அநீதியாகத் தெரியும், அது பல ஆண்டுக்கு மறக்கப்படாது. அரசியல் கட்சிக்காரர் மாணவர் ஒன்றியத்துக்குள் கைவைக்கும்போதும் இதே ஒரே விதிதான் உங்களுக்குத் துணை.

இனி உங்கள் நேர்க்கேள்வி: பயிற்சி எங்கே? எஸ்.டி.சி. என்று எல்லோரும் சொல்லும் பணியாளர் அபிவிருத்தி நிலையம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. தகுதிகாண் விரிவுரையாளர்கள் பணியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு முன் முடிக்கும் கற்பித்தல் சான்றிதழ் நெறியை நடத்துவது அதுதான். கொழும்புப் பல்கலைக்கழகம் இதை 1997இலேயே தொடங்கியது. அந்த நெறியின் பாரம் பெரும்பாலும் வகுப்பறையில். விரிவுரைத் திட்டம், மதிப்பீடு, இப்படி. சங்கங்களை வழிநடத்துவது அதில் முழுநாள் பாடமாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் கோப்பில் போய்விடும். பத்துப் பேர் ஒப்பமிட்டுக் கேட்டால் நடக்கும். திருகோணமலையிலிருந்து கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கும் வந்தாறுமூலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு பயணம் இலகுவாகிவிட்டது என்றாலும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒரு விரிவுரையாளர் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வருவது கடினம். வளவாளர் இங்கே வரட்டும் என்று சேர்த்துக் கேளுங்கள்.

அது வரும்வரை, உங்கள் நிறுவனத்தில் உள்ள பெரும்பொருளாளர்களும் மாணவர் ஆலோசகர்களும் விடுதி மேற்பார்வையாளர்களும் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடுங்கள். மாணவரின் பெயர் சொல்லாமல் அந்த மாதத்தில் வந்த சிக்கல் ஒன்றை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தாங்கள் என்ன செய்திருப்பார்கள் என்று சொல்லட்டும். நான் பார்த்த பயிற்சிகளில் மிகவும் பலன் தந்தது இந்த முறைதான். ஏனென்றால் படகுக்காரர் யார், விடுதியில் எந்த மாடியில் பிரச்சினை, எந்த எழுதுவினைஞர் உதவுவார் என்பதெல்லாம் வெளியிலிருந்து வரும் வளவாளருக்குத் தெரியாது. இரவில் தூக்கம் வராத விஷயத்தை மனம்விட்டுச் சொல்லவும் உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கும். கேட்பவருக்கும் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

செய்ததை எழுதிவையுங்கள். எந்தக் கூட்டம், எந்த ஆலோசனை, எந்தக் கணக்கு என்று ஒரு குறிப்பேடு. பதவி உயர்வில் ஆய்வும் கற்பித்தலும் போல நிறுவனத்துக்குச் செய்த பணியும் பார்க்கப்படும். அதற்கு இது சான்று. உங்களுக்குப் பின் அந்தக் கதிரைக்கு வருபவருக்கும் அதுவே கையேடு.

இதைப் படிக்கும் பீடாதிபதிகளுக்கும் பதிவாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் பெரும்பொருளாளர் நியமனக் கடிதங்களில் ஒப்பமிடும்போது சங்கத்தின் யாப்பு, சென்ற ஆண்டுக் கணக்கு, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதி ஆகிய மூன்றையும் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச ஒரு திகதியும் குறித்துக் கொடுங்கள். இதற்குப் புதிய நிதி வேண்டாம், சுற்றுநிருபமும் வேண்டாம்.